சிவப்பு வலப்பக்கம்

நாற்பது மீற்றர் நீளம், இருபது அகலம்.
அளவுநாடாவின் ஒரு முனை யோகமலரிடம்,
மறு முனையை நான் இழுத்துப் போகிறேன்.
அக்கராயனில் வெட்டு முடிந்த வயல்.
அரிதாள் இன்னும் காலைக் குத்துகிறது.
மூலைக்கு மூலை முளை அடித்துக்
கயிறு கட்டினோம், பேசாமல்.
இதை யாரும் எங்களுக்குப் பழக்கத் தேவையில்லை.

பெயின்ற் வாளிகள் எட்டு.
ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப்:
எந்தப் பள்ளிக்கூடத்து ஒழுங்கோ இது!
நடுவில் எக்ஸ்.
எக்ஸுக்கு வாளியில்லை, குறியுமில்லை.
அங்கே போய் அசையாமல் நின்று
நடுவருக்குத் தலை தாழ்த்த வேண்டும்.
"குறி இல்லாத இடத்தில போய் நில்லெண்டு
சொல்லுறதும் ஒரு விளையாட்டோ?"
சிரித்தோம்.
பிறகு கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

குதிரையின் பெயர் கச்சான்.
நுவரெலியாவில் ஓடியபோது வேறு பெயர்,
பத்திரத்தில் கிடக்கிறது; கூப்பிட்டால் திரும்பமாட்டாள்.
எட்டு ஓட்டம், ஒரேயொரு மூன்றாமிடம்.
சூரிச்சிலிருந்து வந்த ரமணீதரன்
மாட்டுப்பண்ணைக்கென்று வாங்கிய காணியில்
மாட்டுக்கு முன்னம் வந்து இறங்கியவள்.
ஒரு பக்கம் மட்டுமே திரும்பிப் பழகிய கழுத்து.
மறு பக்கம் வளைக்க எனக்கு நாலு மாதம்.

பின்னேரம் தடைகள்.
மணல் அடைத்த தோட்டக் குழாய்கள், எண்ணெய்ப் பீப்பாக்கள்.
உயரம் என் தொடையளவு.
இரு புறமும் கொடி:
வெள்ளை இடது, சிவப்பு வலது.
இரண்டுக்கும் நடுவால் பாய வேண்டும்.

நடுவால்.

ஒன்பது வருடம் முகமாலையில்
முழங்காலில் நின்று மண் சுரண்டியவள் நான்.
வெள்ளைத் தடியென்றால் வா.
சிவப்புத் தடியென்றால் அந்தப் பக்கம்
உன் நிழலும் விழக்கூடாது.
ஒரு மீற்றர் அகலப் பாதையில்
ஒரு நாளைக்கு ஒரு பாயளவு முன்னேறினேன்.
இப்போது ஒன்றரை நிமிடத்துக்குள் ஒன்பது தடையாம்.

மூன்று தரம் கச்சான் நின்றாள்.
மூன்றாம் தரம் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன்.
"பயப்பிடுறாள்" என்றேன்.
ஊசி போட வந்த மிருக வைத்தியர் பெனடிற்றா
கொடியைப் பார்த்தபடி சொன்னார்:
"குதிரைக் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது.
மங்கல் மஞ்சள் மாதிரித்தான் கிடக்கும்."
பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.
என் விரல்களில் கடிவாள வார்
கன்றிப் பதிந்திருந்தது.
யார் இழுத்தது என்று வாருக்குத் தெரியும்.

அடுத்த தரம் கொடியைப் பார்க்கவில்லை.
வாய்க்கால் கட்டில் ஒரு லான்ட்மாஸ்டர்
புகைவிட்டுப் போனது, அதையே பார்த்தேன்.
கீழே என்ன நடந்ததென்று தெரியாது.
குழாய் விழுந்த சத்தம் கேட்கவில்லை என்பது
யோகமலர் கத்தியபிறகுதான் உறைத்தது.

வெள்ளைக் காற்சட்டை பள்ளிச் சீருடைத் துணியில்.
கரடிப்போக்குத் தையற்காரர் இருமுறை கேட்டார்
"இருந்து எழும்ப வருமோ பிள்ளை?"
கறுப்புக் கோட்டு யோகமலரின் தம்பி
கலியாணத்துக்குத் தைத்தது; தோள் இரண்டும் வழிகிறது.
நெஞ்சுக் கவசம் பழையதைவிடப் பாரம் குறைவு,
அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.
தொப்பியை மாட்டியதும் கை தானாக உயர்ந்து
இல்லாத முகக்கண்ணாடியை இழுத்து மூடுகிறது.

விண்ணப்பத்தில் 'முன்னனுபவம்' என்றொரு கட்டம்.
கோடு கிழித்துவிட்டேன்.
கோட்டுக்கு மேல் யோகமலர்
"நேராகப் போவாள்" என்று எழுதி
எனக்குக் காட்டாமல் அனுப்பிவிட்டாள்.
போகிறவள் நானா கச்சானா என்று
அவள் இன்னும் சொல்லவில்லை.

விடிந்தால் வவுனியா. நாலு மணிக்கு லொறி.
பிடரியில் பதினொரு பின்னல் போட்டோம்.
வெள்ளைக் கால் ஒன்றுதான் அவளுக்கு,
அதற்கு மட்டும் மூன்று தரம் சவர்க்காரம்.
இரண்டு மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தால்
தன் லத்தியிலேயே சரிந்து படுத்திருக்கிறாள்.
வெள்ளைக் கால் பச்சை.
மிஞ்சிய பின்னல் ஏழு.

யோகமலர் ஒன்றும் பேசவில்லை.
இருட்டில் வயலுக்குள் நடந்து போய்
கைக்கு அகப்பட்ட வாளியில்
தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தாள்.
வெளிச்சத்தில் பார்த்தேன்: எஃப்.